ரிப்போர்ட்ல ‘ஷாக்’னு இருக்கு, அப்பாவுக்கு மனசு பாதிச்சிருக்கா? லாயர் எனக்கும் ஷாக்ங்கிறார்!

வாசகியோட கடிதம் (சுருக்கமா):

டாக்டர் சார், ஆறு வாரத்துக்கு முன்னாடி நானும் அப்பாவும் ரோடு க்ராஸ் பண்றப்ப ஒரு கார் அப்பாவை இடிச்சிருச்சு. என் மேல ஒரு கீறல் கூட இல்ல. அப்பா எழுந்து உக்காந்து “எனக்கு ஒண்ணும் இல்லம்மா”ன்னார், தண்ணி கேட்டார், குடுத்தேன். சுத்தி நின்னவங்க “ஷாக்ல இருக்கார், கொஞ்ச நேரம் உக்காரட்டும்”னாங்க. முக்கால் மணி நேரத்துல முகம் வெளுத்து உளற ஆரம்பிச்சுட்டார். மண்ணீரல் கிழிஞ்சிருக்குன்னு ராத்திரியே ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துட்டாங்க. இப்ப வீட்டுல நல்லா இருக்கார். டிஸ்சார்ஜ் சம்மரில “ஹைப்போவோலமிக் ஷாக்”னு எழுதியிருக்கு. அதைப் படிச்சுட்டு சித்தப்பா, அண்ணனை மனநல டாக்டர்கிட்ட காட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். ஆனா தூக்கம் போனது எனக்குத்தான். கண்ணை மூடினா பிரேக் சத்தம் கேக்குது, அந்த ரோட்டுப் பக்கமே போக முடியல. லாயர் என் பேர்லயும் “நெர்வஸ் ஷாக்”னு க்ளெய்ம் போடலாம், சைக்யாட்ரிஸ்ட் ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்கன்னார். எனக்கு என்ன பைத்தியமா? அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் ஒரு சொட்டு கண்ணீர் விடல, எல்லா ஃபார்ம்லயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன், இப்ப போய் ஷாக்னு சொன்னா யார் நம்புவா? அம்மா வேற அங்க போனா கரண்ட் ஷாக் வெச்சிருவாங்கன்னு பயப்படறாங்க. வெளியூர்ல இருக்கற தம்பி ஃபோன்லதான் கேட்டான், அவனும் உடைஞ்சு போயிருக்கான். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு கேக்கணும், நான் குடுத்த தண்ணியாலதான் அப்பாவுக்கு அப்படி ஆச்சா?

டாக்டர் பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா மத்ததெல்லாம் படிக்கிறப்ப அது உங்க நெஞ்சுல உக்காந்திருக்கக் கூடாது. நீங்க குடுத்த தண்ணியால அப்பாவுக்கு எதுவும் ஆகல. கார் இடிச்சப்பவே மண்ணீரல் காயம்பட்டிருச்சு, உள்ளுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிருச்சு, அவர் தண்ணி கேட்டதே அதனாலதான். ரத்தம் குறையக் குறைய உடம்பு தாகத்தைத் தூண்டும், அடிபட்டவங்க தண்ணி தண்ணின்னு கேக்கறது எங்களுக்கு ஒரு எச்சரிக்கை மணி. குடுக்க வேணாம்னு நாங்க சொல்றதுக்குக் காரணம் வேற, உடனே ஆபரேஷன் வேண்டி வந்தா மயக்க மருந்து குடுக்கறப்ப வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிரலாம். அந்த ஆபத்தை அப்பா தாண்டிட்டார். இனிமே யாருக்காவது இப்படி ஆனா உதட்டை மட்டும் நனைச்சு விடுங்க, அவ்ளோதான்.

இப்ப சித்தப்பா விஷயம். அந்தப் பேப்பர்ல இருக்கற ஷாக்குக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்ல. மருத்துவத்துல ஷாக்னு எழுதினா உடம்போட செல்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் ரத்த ஓட்டம் வழியா போய்ச் சேரலன்னு அர்த்தம், அது உயிர் போற நிலைமை. ஹைப்போவோலமிக்னா ரத்தக் குழாய்ங்களுக்குள்ள ஓட வேண்டிய அளவு குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம், அப்பா கேஸ்ல ரத்தமே வயித்துக்குள்ள கொட்டிருச்சு. அவர் பயந்தாரா, அழுதாரா, தைரியமா இருந்தாரான்னு அந்த வார்த்தை எதுவுமே சொல்லல, சொல்லப்போனா மயக்கத்துல இருக்கற ஆளுக்குக்கூட அந்த ஷாக் வரும்.

எல்லாரையும் ஏமாத்தினது அந்த முதல் முக்கால் மணி நேரம்தான், அதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன். 70 கிலோ எடை இருக்கற ஒருத்தர் உடம்புல ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதுல முக்கால் லிட்டர் போனா வெளிய பெருசா ஒண்ணும் தெரியாது. ஒன்றரை லிட்டர் வரைக்கும் போனாக்கூட படுத்திருக்கறவரோட மேல் பிரஷர் கிட்டத்தட்ட நார்மலா காட்டலாம். எப்படின்னா வருமானம் திடீர்னு பாதியா குறைஞ்ச வீட்டுல மத்த செலவையெல்லாம் நிறுத்திட்டு அரிசிக்கும் மருந்துக்கும் மட்டும் காசு ஒதுக்குவோம்ல, அதே மாதிரி உடம்பு அட்ரினலினை சுரக்கவிட்டு தோலுக்கும் குடலுக்கும் கிட்னிக்கும் போற குழாயெல்லாம் இறுக்கிட்டு மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் ரத்தத்தை ஒதுக்கும். அதனாலதான் ஆள் பேசறார், பேர் சொல்றார், “ஒண்ணும் இல்ல”ங்கறார், ஆனா கை கால் சில்லுனு ஆகி வேர்த்திருக்கும், நாடி 100க்கு மேல ஓடும், மூச்சு கொஞ்சம் வேகமா வாங்கும், ஒரு காரணமில்லாத பதட்டம் இருக்கும். அந்தப் பதட்டத்தைப் பாத்துட்டுத்தான் சுத்தி இருக்கறவங்க பயந்துட்டார், ஷாக்ல இருக்கார், கொஞ்ச நேரம் உக்காரட்டும்னு சொல்றாங்க. நல்ல மனசோட சொல்றதுதான். ஆனா நேரம் அங்கதான் போகுது. இன்னும் கொஞ்சம் ரத்தம் போனதும் உடம்பால தாக்குப்பிடிக்க முடியாது, பிரஷர் சடார்னு இறங்கும், உளறல் வரும், நீங்க பாத்தது அதைத்தான்.

அதனால அடிபட்ட யாரைப் பாத்தாலும் ‘மனசு பயந்திருக்கு’ங்கறதை நீங்க கடைசி பதிலா வெச்சுக்கங்க, முதல் பதிலா வெச்சுக்காதீங்க. தட்டையா படுக்க வைங்க, கழுத்தையும் முதுகையும் தேவையில்லாம அசைக்காதீங்க, வெளிய ரத்தம் வந்தா சுத்தமான துணி வெச்சு விடாம அழுத்திப் பிடிங்க, போர்வையோ துண்டோ போட்டு மூடுங்க, ஏன்னா உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையறது கெட்டுப்போகும், ஆம்புலன்ஸை உடனே கூப்பிடுங்க. ஒண்ணும் இல்லன்னு அவரே சொன்னாலும் கூப்பிடுங்க. வயசானவங்ககிட்ட இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், பீட்டா பிளாக்கர்னு பிரஷருக்கும் இதயத்துக்கும் குடுக்கற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரத்தம் போனாலும் நாடி வேகமா ஓடாது, ரொம்ப நாளா ஹை பிரஷர் இருக்கறவங்களுக்கு மேல் பிரஷர் 110ங்கறதே குறைவா இருக்கலாம்.

ரத்தம் போகாமலும் இந்த ஷாக் வரும். பெரிய ஹார்ட் அட்டாக்ல பம்ப் பலவீனமாகி வரும், கிருமி ரத்தத்துல பரவி குழாயெல்லாம் தளர்ந்து போய் வரும், நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்ல பெரிய ரத்தக் கட்டி அடைச்சு வரும், தண்டுவடத்துல அடிபட்டு வரும். தேனீ கொட்டியோ மருந்து ஒத்துக்காமலோ வர அலர்ஜி ஷாக்குக்கு அட்ரினலின் ஊசி, பெரியவங்களுக்குத் தொடைல வெளிப்பக்கம் 0.5 மில்லிகிராம், தாமதிக்காம போடணும், அந்த நேரத்துல ஆளை எழுப்பி நிக்க வைக்கவே கூடாது. இதெல்லாம் விதவிதமான காரணம், முடிவு மட்டும் ஒண்ணுதான், செல்லுக்கு ஆக்சிஜன் இல்ல.

கெட்ட செய்தி கேட்டு சிலர் தடால்னு விழுவாங்களே, ஷாக்ல மயங்கிட்டாங்கன்னு சொல்வோமே, அது இந்த வகைல சேராது. அது ஒரு நரம்பு அனிச்சைச் செயல், நாடியும் பிரஷரும் கொஞ்ச நேரத்துக்கு இறங்கும், படுக்க வெச்சா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சிரும். ஆனா மனசுல விழுந்த அடி நிஜமாவே இதயத்தை பாதிக்கிற ஒரு வியாதியும் இருக்கு, டாகோட்சுபோன்னு பேர், 1990ல ஜப்பான் டாக்டர்கள் விவரிச்சாங்க. பெரிய துக்கமோ பயமோ வந்த கொஞ்ச நேரத்துலயே இதயத்தோட கீழ்ப்பகுதி பலூன் மாதிரி உப்பி சரியா சுருங்காமப் போயிரும், மாதவிடாய் நின்ன பெண்கள்கிட்டத்தான் அதிகம் பாக்கறோம். பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிரும், சிலருக்கு மட்டும் அதுவே உயிரை மிரட்டற ஷாக்கா மாறும். அதனால துக்க வீட்டுல யாராவது நெஞ்சு வலிக்குதுன்னா மனக்கஷ்டம்தான்னு ஒதுக்காம ஒரு ஈசிஜி எடுங்க.

சரி, இப்ப உங்க கதைக்கு வரேன்.

அன்னிக்கு நீங்க அழலங்கறதை நீங்களே உங்களுக்கு எதிரான சாட்சியா வெச்சிருக்கீங்க. என் அனுபவத்துல எமர்ஜென்சி வாசல்ல கல்லு மாதிரி நின்னு ஒவ்வொரு ஃபார்மா கையெழுத்துப் போடறவங்க நிறைய பேர், சொந்தக்காரங்க அவங்களைப் பாத்து கல்நெஞ்சுன்னு பேசறதும் என் காதுல விழுந்திருக்கு, எனக்கு அப்ப கோபம் வரும். தாங்க முடியாத ஒண்ணு கண்ணு முன்னாடி நடக்கறப்ப மனசு உணர்ச்சியைக் கொஞ்ச நேரம் தள்ளி வெச்சுட்டு வேலையை மட்டும் பாக்க வைக்கும், நடக்கறது நமக்கில்ல வேற யாருக்கோங்கற மாதிரி இருக்கும், சத்தமெல்லாம் தூரத்துல கேக்கும், நேரம் நீண்டுபோன மாதிரி இருக்கும், அப்பறம் யோசிச்சா பாதி ஞாபகம் இருக்காது. சிலர் கத்துவாங்க, சிலர் ஓடுவாங்க, சிலர் உறைஞ்சு போவாங்க. இதுக்கு அக்யூட் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன்னு பேர். உலக சுகாதார அமைப்போட பழைய வியாதிப் பட்டியல்ல இது மனநோய்ங்க கூடவே இருந்துச்சு, இப்ப இருக்கற 11வது பதிப்புல அதை அங்கருந்து எடுத்து, பெரிய ஆபத்தைப் பாத்த மனுஷங்களுக்கு வர இயல்பான எதிர்வினைன்னு தனியா வெச்சுட்டாங்க. ஜனங்க மனசு ஷாக்ல இருக்குன்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். சில மணி நேரத்துலயோ சில நாள்லயோ அதுவா அடங்கும். அந்த நேரத்துல தேவைப்படறது பாதுகாப்பான இடம், பக்கத்துல ஒரு நம்பிக்கையான ஆள், சாப்பாடு, தூக்கம், அடுத்து என்ன நடக்கும்னு ஒரு தகவல். என்ன நடந்துச்சு சொல்லு சொல்லுன்னு உடனே உக்கார வெச்சு எல்லாத்தையும் கொட்ட வைக்கறது நல்லதுன்னு ஒரு காலத்துல நம்பினாங்க, ஒரே தடவை அப்படிப் பண்றது பின்னாடி வர பாதிப்பைத் தடுக்கலன்னு ஆய்வுகள் காட்டிருச்சு. அவங்களா பேசினா கேளுங்க, தோண்டாதீங்க.

ஆனா உங்களுக்கு அது அடங்கல. ஆறு வாரம் ஆச்சு, பிரேக் சத்தம் கேக்குது, அந்த ரோட்டை ஒதுக்கிட்டுப் போறீங்க, தூக்கம் இல்ல. அமெரிக்க மனநல மருத்துவர்கள் கையேட்டு கணக்குப்படி 3 நாள்லருந்து ஒரு மாசம் வரைக்கும் இப்படி இருந்தா அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸ்ஆர்டர், ஒரு மாசத்தைத் தாண்டிட்டா பி.டி.எஸ்.டி-யான்னு, அதாவது பெரிய அதிர்ச்சிக்கப்பறம் மாசக்கணக்குல விடாம தொடர்ற மன பாதிப்பான்னு பாக்கணும். அது பி.டி.எஸ்.டி-தான்னு நான் கடிதத்தைப் படிச்சு முடிவு பண்ண மாட்டேன், அது தப்பு, நேர்ல உக்காந்து பேசி ஒரு சைக்யாட்ரிஸ்ட்டோ க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோதான் சொல்லணும். ஆனா நீங்க இனிமே காத்திருக்க வேண்டாம்ங்கறதை மட்டும் உறுதியா சொல்றேன். இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. அந்தச் சம்பவத்தை மையமா வெச்சுப் பண்ற பேச்சு சிகிச்சை, அப்பறம் அந்தச் சம்பவத்தை நினைச்சுகிட்டே கண்ணை இடமும் வலமும் அசைக்க வைக்கற ஈ.எம்.டி.ஆர்னு ஒண்ணு, பெரும்பாலும் 8லருந்து 12 தடவை உக்காந்தாப் போதும். தேவைப்பட்டா செர்ட்ரலின் மாதிரி மாத்திரையும் உண்டு. தூக்கம் வரலன்னு யாராவது அல்பிரசோலம், டயசிபாம் எழுதிக் குடுத்தா அதை வாரக்கணக்குல முழுங்காதீங்க, பழக்கமாயிடும், பி.டி.எஸ்.டி-ஐயும் சரி பண்ணாது. வாழவே வேணாம்னு ஒரு நினைப்பு எட்டிப் பாத்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, அப்பாய்ன்ட்மென்ட் தேதி வரட்டும்னு உக்காராதீங்க.

பைத்தியமான்னு கேட்டீங்க. இல்ல. கார் இடிச்சா எலும்பு உடையும், பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்கு இது வரும், ரெண்டும் அந்தக் கார்னால வந்ததுதான். அம்மாகிட்டயும் சொல்லுங்க, கரண்ட் வைக்கறதுன்னு அவங்க பயப்படற ஈ.சி.டி சிகிச்சை ரொம்பத் தீவிரமான டிப்ரஷன் மாதிரி சில நோய்களுக்கு, மயக்க மருந்து குடுத்துப் பண்றது, அங்க அது நல்லாவே உதவும், ஆனா உங்க மாதிரி பிரச்சனைக்குக் குடுக்கற சிகிச்சை அது இல்ல.

லாயர் பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரு பழைய வரலாறு சொல்லணும், ஏன்னா உங்க ‘யார் நம்புவா’ங்கற கேள்விக்கு வயசு நூத்தம்பது வருஷத்துக்கு மேல. இங்கிலாந்துல ரயில் விபத்துல சிக்கினவங்க வெளிக்காயமே இல்லாம மாசக்கணக்குல தூங்க முடியாம, வேலை பாக்க முடியாம நஷ்ட ஈடு கேட்டு கோர்ட்டுக்கு வந்தாங்க. 1866ல ஜான் எரிக்ஸன்ங்கற சர்ஜன் இது தண்டுவடம் குலுங்கினதால வர உடல் காயம்னு எழுதினார். 1883ல ஹெர்பர்ட் பேஜ்னு இன்னொரு சர்ஜன், அவர் ஒரு ரயில் கம்பெனியோட டாக்டர், அதெல்லாம் இல்ல, பயமே போதும் இத்தனையும் வர்றதுக்குன்னு எழுதினார். ரயில் கம்பெனிக்கு சாதகமா சொன்ன மாதிரி இருந்தாலும் மனசுல பட்ட அடியும் ஆளை முடக்கும்ங்கறதை அவர்தான் தெளிவா சொல்லிட்டார். அப்பறம் முதல் உலகப் போர். 1915ல சார்லஸ் மையர்ஸ்ங்கற டாக்டர் லான்செட் பத்திரிகைல 3 சிப்பாய்களைப் பத்தி எழுதி ஷெல் ஷாக்ங்கற பேரை மருத்துவத்துக்குள்ள கொண்டு வந்தார். குண்டு பக்கத்துல வெடிச்சு வந்தா போர்க்காயம், ஓய்வூதியம் உண்டு, வெடிக்காம வந்தா வெறும் நோய், காயத்துக்கான மரியாதை இல்லன்னு ராணுவம் பிரிச்சுது. ஆனா ரெண்டு கூட்டத்துக்கும் அறிகுறி ஒண்ணா இருந்துச்சு. அந்தப் போர்ல ஓடிப்போனது, கோழைத்தனம் மாதிரியான குத்தத்துக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ன 306 பேருக்கு 2006லதான் மன்னிப்பு வந்துச்சு, அவங்கள்ல சிலராவது இப்படி உடைஞ்சு போனவங்கன்னு இன்னிக்கு நினைக்கறாங்க. அழுதா நடிப்பு, அழலன்னா பாதிப்பே இல்லன்னு சொல்ற பழக்கம் எங்க கொண்டு போய் விடும்னு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப சட்டம். நான் வக்கீல் இல்ல, கோர்ட்ல மருத்துவ சாட்சி சொல்றவன், அந்த அளவுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், உங்க நாட்டு சட்டம் என்னங்கறதை உங்க லாயர்தான் சொல்லணும். நெர்வஸ் ஷாக்ங்கறது இங்கிலாந்து வழக்குகள்லருந்து வந்து அந்த வழி சட்டம் இருக்கற நாடுகள்ல பரவின பேர். மருத்துவத்துல அந்தப் பேர்ல ஒரு வியாதியே கிடையாது. அடுத்தவங்க கவனக்குறைவால ஒருத்தருக்கு மன நோய் வந்தா அதுக்கு நஷ்ட ஈடு உண்டாங்கற கேள்விக்கு சட்டம் வெச்ச பேர் அது. உங்க அப்பா ரிப்போர்ட்ல இருக்கற ஷாக் அவரோட உடல் காயத்துக்குள்ள அடங்கிரும், அதை யாரும் இதோட குழப்பக் கூடாது, க்ளெய்ம் பேப்பர்ல அந்த ரெண்டையும் ஒரே வரில எழுதாம பாத்துக்கங்க.

இந்த வழிக்கு வரவே கோர்ட்டுங்களுக்கு ரொம்ப நாளாச்சு. 1888ல வந்த தீர்ப்பு ஒண்ணு: ஆஸ்திரேலியால ரயில்வே கேட்டைத் தப்பா திறந்துவிட்டு, வண்டில போன தம்பதி மேல ரயில் மோதாம நூலிழைல தப்பிச்சுது, அந்த மனைவிக்கு வந்த பாதிப்புக்கு நஷ்ட ஈடு கிடையாதுன்னு அப்ப பிரிட்டிஷ் காலனிகளுக்கு மேல் கோர்ட்டா இருந்த லண்டன் ப்ரிவி கவுன்சில் சொல்லிருச்சு. 1901ல தீர்ப்பான ஒரு இங்கிலாந்து கேஸ்ல, மதுக்கடைக்குள்ள குதிரை வண்டி பாய்ஞ்சு வந்ததுல பயந்துபோன ஒரு கர்ப்பிணிக்குக் குறைமாசத்துல பிரசவம் ஆச்சு, அவங்களுக்கு கோர்ட் வழி விட்டுச்சு, ஆனா தன் உயிருக்கு பயந்திருந்தாத்தான் செல்லும்னு சொன்னாங்க. 1925ல பிள்ளைங்களுக்காக பயந்த தாய்க்கும் உண்டுன்னாங்க. 1982ல விபத்து நடந்த இடத்துல இல்லாம ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து குடும்பத்தை அந்தக் கோலத்துல பாத்த அம்மாவுக்கும் உண்டுன்னாங்க. அப்பறம் 1989 ஏப்ரல் 15 இங்கிலாந்துல ஹில்ஸ்பரோ ஃபுட்பால் ஸ்டேடியம் நெரிசல், அதுல போன உயிர் 97. சொந்தக்காரங்க போட்ட வழக்குல 1991ல வந்த தீர்ப்புதான் இன்னிக்கும் அளவுகோல்: அடிபட்டவரோட நெருங்கின பாசம் இருக்கணும், சம்பவ இடத்துலயோ உடனே அதுக்கப்பறமோ நேர்ல இருந்திருக்கணும், தன் கண்ணாலயோ காதாலயோ நேரடியா உணர்ந்திருக்கணும். டிவில பாத்தவங்க தோத்தாங்க. மைதானத்துலயே இருந்து ரெண்டு அண்ணன் தம்பிகளைப் பறிகொடுத்த ஒருத்தரும் தோத்தார், சகோதரங்க நடுவுல எவ்ளோ நெருக்கம்னு தனியா நிரூபிக்கணுமாம். எனக்கு இன்னிக்கு வரைக்கும் இதை ஜீரணிக்க முடியல.

உங்களுக்கு அந்த அளவுகோல்ல எதுவும் இடிக்காது. நீங்க மகள், பக்கத்துலயே இருந்தீங்க, நேர்ல பாத்தீங்க. அதுவும் 2024 ஜனவரில இங்கிலாந்து உச்சநீதிமன்றம் இன்னொண்ணும் தெளிவாக்கிச்சு, விபத்து வழக்குல ‘சட்டுனு ஒரு அதிர்ச்சி நரம்பைத் தாக்குச்சு’ன்னு நிரூபிக்கணும்ங்கற பழைய நிபந்தனை தேவையில்ல. அன்னிக்கு அமைதியா இருந்து அப்பறம் வாரக்கணக்குல மெல்ல மெல்ல வந்த பாதிப்புங்கறதே உங்களுக்கு எதிரா போயிராது. ஒண்ணு மட்டும் எல்லா இடத்துலயும் பெரும்பாலும் கேப்பாங்க, வருத்தம், பயம், கவலை மட்டும் இருந்தா போதாது, மருத்துவம் ஒத்துக்கற ஒரு மனநோய் இருக்கணும். லாயர் கேட்ட ரிப்போர்ட் அதுக்குத்தான். உங்களை அவமானப்படுத்தக் கேட்டதா எடுத்துக்காதீங்க.

தம்பி நிலைமைதான் கஷ்டமானது. அவனும் மகன்தான், பாசத்துல குறைவில்ல, ஆனா ஃபோன்ல கேட்டான், நேர்ல இல்ல, இங்கிலாந்து முறைல அவன் க்ளெய்ம் நிக்காது. ஆஸ்திரேலியால 2002ல அந்த நாட்டோட உச்சபட்ச கோர்ட்டான ஹை கோர்ட், மகனைக் காணோம்னு ஃபோன்ல தெரிஞ்சுகிட்ட பெத்தவங்க வழக்கையே ஏத்துக்கிச்சு, அப்பறம் அங்க மாநிலச் சட்டங்கள் மறுபடி எல்லை போட்டுச்சு, ஆக ஊருக்கு ஊர் வேற. இதுல அவன்கிட்ட நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான், சட்டம் அவனை வெளிய நிறுத்தறதால அவன் பாதிப்பு பொய்யாயிடாது, சிகிச்சை அவனுக்கும் அதே அளவுக்கு வேணும். கோர்ட் எங்கயாவது ஒரு கோடு போட்டே ஆகணும், இல்லன்னா முடிவே இருக்காதுன்னு அவங்க காரணம் சொல்றாங்க. என் டேபிள் முன்னாடி அந்தக் கோடு கிடையாது.

கேஸ் முடியற வரைக்கும் சிகிச்சை எடுக்காதீங்க, குணமாயிட்டா தொகை குறையும்னு உங்ககிட்ட யாராவது சொல்வாங்க, கண்டிப்பா சொல்வாங்க. கேக்காதீங்க. வழக்கு வருஷக்கணக்குல போகும், உங்க தூக்கம் அவ்ளோ நாள் காத்திருக்காது, அது போக சிகிச்சை எடுக்காம விட்டதையே எதிர் தரப்பு உங்களுக்கு எதிரா திருப்பலாம். சீக்கிரம் போனா அறிகுறி எப்ப ஆரம்பிச்சுது, எவ்ளோ இருந்துச்சுன்னு பதிவாகும், பின்னாடி நான் கோர்ட்ல நின்னா எனக்கு உதவறதே அந்த ஆரம்ப நோட்ஸ்தான். இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லுங்க, கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம், ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லன்னே சொல்லுங்க, இப்படிப்பட்ட சம்பவத்துல ஞாபகம் துண்டு துண்டா இருக்கறது சகஜம். லாயர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது வழக்குப் போட கடைசி தேதி எதுங்கறதை, இங்கிலாந்துல பொதுவா 3 வருஷம், உங்க ஊர்ல எவ்ளோன்னு எழுதி வாங்கிக்கங்க.

சித்தப்பா சொல்றதுல ஒரு துளி நியாயம் இருக்கு, அதையும் விட்டுடக் கூடாது. ஐசியு-ல இருந்துட்டு வந்தவங்கள்ல கொஞ்சம் பேருக்கு கெட்ட கனவு, எரிச்சல், நடக்காத ஒண்ணு நடந்த மாதிரி ஞாபகம் எல்லாம் மாசக்கணக்குல வரும். அப்பாகிட்ட அப்படி ஏதாவது தெரிஞ்சா கூட்டிட்டுப் போங்க, அதுக்காகப் போங்க, ரிப்போர்ட்ல அந்த வார்த்தை இருக்குங்கறதுக்காக வேணாம்.

கடைசியா, அந்த சம்மரில உங்க வீட்டுல எல்லாரும் ஷாக்ங்கற வரியைப் பிடிச்சுகிட்டீங்க, அதை விட முக்கியமான வரி ஸ்ப்ளீனெக்டமி, மண்ணீரல் எடுத்தாச்சுங்கறது. மண்ணீரல் இல்லாதவங்களுக்கு நிமோகாக்கஸ் மாதிரி சில கிருமி மின்னல் வேகத்துல பரவி, நான் மேல சொன்ன கிருமியால வர ஷாக்ல சில மணி நேரத்துலயே தள்ளிரும். நிமோகாக்கல், மெனிஞ்ஜோகாக்கல், ஹிப் (ஹீமோஃபிலஸ்ங்கற கிருமிக்கானது) தடுப்பூசிங்க போடணும், எமர்ஜென்சி ஆபரேஷன்னா பொதுவா ரெண்டு வாரம் கழிச்சு போடுவாங்க, அப்பாவுக்கு ஆறு வாரம் ஆயிடுச்சு, போட்டாச்சான்னு சர்ஜன்கிட்ட இந்த வாரமே கேளுங்க, ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடுங்க, கைல வெச்சுக்க ஆன்டிபயாடிக் மாத்திரை குடுக்கறாங்களான்னும் கேட்டுடுங்க. மண்ணீரல் இல்லன்னு ஒரு கார்டுல எழுதி அவர் பர்ஸ்ல வைங்க. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ சாதாரண காய்ச்சல்னு பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்காம, நடு ராத்திரின்னாலும் எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போய் மண்ணீரல் இல்லங்கறதை முதல்ல சொல்லுங்க.